கரும்பும் விறகும்: உயிர்த்திணிவுச் சக்தியில் சர்வதேச ஒத்துழைப்பின் வரலாறு

தாவரங்களும் விலங்குகளும் தரும் சேதனப் பொருட்கள் அனைத்தையும் உயிர்த்திணிவு என்னும் சொல் குறிக்கும். விறகு, கரி, சாணம், வைக்கோல், உமி, கரும்புச் சக்கை என்பனவும், அவற்றிலிருந்தும் பயிர்களிலிருந்தும் பெறப்படும் மதுசாரம், தாவர எண்ணெய், எரிவாயு என்பனவும் இதனுள் அடங்கும். மனிதன் தீயைக் கையாளக் கற்ற நாள் முதலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உலகின் சக்தித் தேவையிற் பெரும்பகுதியை நிறைவுசெய்தது உயிர்த்திணிவே. நிலக்கரியும் பின்னர் பெற்றோலியமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் வறிய நாடுகளின் அடுப்பங்கரைகளில் அதன் இடம் அசையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயிர்த்திணிவு மீண்டும் அரசுகளின் கவனத்துக்கு வந்தது. மகாநாடுகள் கூடின, உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின, நாடுகளுக்கிடையே தொழினுட்பம் பரிமாறப்பட்டது. இவ்வொத்துழைப்பின் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். உயிர்த்திணிவு பற்றி உலகம் பேசியபோதெல்லாம் அங்கு இருவேறு பிரச்சினைகள் இருந்தன. ஒன்று மோட்டார் வாகனத்தின் பிரச்சினை. மற்றையது அடுப்பின் பிரச்சினை. முன்னையதற்கு மூலதனமும் ஆராய்ச்சியும் இராசதந்திரமும் கிடைத்தன. பின்னையதற்குப் பெரும்பாலும் தீர்மானங்களே கிடைத்தன. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது என்பதைப் பிரேசில் நாட்டின் மதுசாரத் திட்டத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

முன்னோடி முயற்சிகள்

பயிரிலிருந்து எரிபொருள் பெறும் எண்ணம் புதியதன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு இயக்கிக் காட்டப்பட்டது. பிரெஞ்சு அரசின் விருப்பமே இப்பரிசோதனைக்குக் காரணமாயிற்று. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மலிவாக விளைந்தது. நிலக்கரியோ கப்பலில் வரவேண்டியிருந்தது. உள்ளூர் விளைபொருளைக் கொண்டே அந்நாடுகளில் இயந்திரங்களை இயக்கலாம் என ஆட்சியாளர் எண்ணினர். ஆக, உயிர்த்திணிவு எரிபொருள் தன் தொடக்கத்திலேயே வெப்பவலய நாடுகளின் நிலத்தோடும் பிறர் ஆதிக்கத்தோடும் பிணைக்கப்பட்டிருந்தமை மனங்கொளத்தக்கது.

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் விளைபொருட்களின் விலையை வீழ்த்தியது. விற்க முடியாத விளைச்சலை ஆலைக்கு அனுப்புதல் என்னும் சிந்தனை அக்காலத்தில் இரு நாடுகளில் உருப்பெற்றது. பிரேசில் 1931இல் இறக்குமதி செய்யப்படும் பெற்றோலுடன் 5 சதவீத மதுசாரம் கலக்கப்படல் வேண்டும் எனச் சட்டமியற்றியது. 1933இல் சீனி, மதுசார நிறுவனத்தை அமைத்து ஆலைகளின் உற்பத்தியை அரசின் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1935இல் மிச்சிகன் மாநிலத்து டியர்போர்ண் நகரில் விவசாயிகளும் இரசாயனவியலாளரும் கைத்தொழில் அதிபர்களும் கூடினர். பண்ணை விளைபொருட்களைக் கைத்தொழிலின் மூலப்பொருட்களாக்குவதே அவர்களின் நோக்கம். இன்று உயிர்மூலப் பொருளாதாரம் என்று பேசப்படுவதன் முதல் வடிவத்தை இவ்வியக்கத்திற் காணலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலிவான பெற்றோலியம் சந்தையை நிறைத்தது. அவ்வெள்ளத்தில் இவ்வியக்கம் கரைந்து போயிற்று.

எண்ணெய் நெருக்கடியும் பிரேசிலின் திட்டமும்

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கிற் போர் மூண்டது. பீப்பா ஒன்று ஏறக்குறைய 3 டொலருக்கு விற்ற எண்ணெய், 1974இன் தொடக்கத்தில் 12 டொலரை அண்மித்தது. தனது எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை இறக்குமதி செய்துவந்த பிரேசிலுக்கு இது பேரிடியாக அமைந்தது. 1973இல் 60 கோடி டொலர் அளவில் இருந்த அதன் எண்ணெய் இறக்குமதிச் செலவு, அடுத்த ஆண்டில் 200 கோடி டொலரைக் கடந்தது.

அதேவேளையில் வேறொரு சந்தையும் தளம்பியது. 1974 நவம்பரில் உலகச் சந்தையில் இறாத்தல் ஒன்று 60 அமெரிக்கச் சதத்துக்கு மேல் விற்ற சீனி, பின்னர் வேகமாகச் சரிந்து 1977 அளவில் 10 சதத்துக்கும் கீழே சென்றது. உயர்ந்த விலையை நம்பி ஆலைகளை விரிவாக்கியிருந்த சீனி முதலாளிகள் அரசின் உதவியை நாடினர். வாங்கவேண்டிய எண்ணெயின் விலை ஏறியது. விற்கவேண்டிய சீனியின் விலை இறங்கியது. இவ்விரு நெருக்கடிகளும் ஒன்றையொன்று சந்தித்த இடத்திலேயே பிரேசிலின் தேசிய மதுசாரத் திட்டம் பிறந்தது. ஜனாதிபதி ஏர்னெஸ்டோ கைசெல் 1975 நவம்பர் 14ஆம் திகதி அதற்கான கட்டளையிற் கைச்சாத்திட்டார். புரோஅல்கோல் என்னும் பெயரால் அது உலகெங்கும் அறியப்படலாயிற்று.

திட்டத்தின் முதற்கட்டத்தில் மதுசாரம் பெற்றோலுடன் கலக்கப்பட்டது. சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரிலுள்ள விமான, விண்வெளித் தொழினுட்ப நிலையத்தில் பொறியியலாளர் உர்பானோ ஏர்னெஸ்டோ ஸ்டும்ப் தலைமையில், மதுசாரத்தால் மட்டும் இயங்கும் இயந்திரங்கள் சோதிக்கப்பட்டன. மதுசாரத்தின் சக்தி, அதேயளவு பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கேயாகும். ஆயினும் அது உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கவல்லது. இயந்திரத்தின் அமுக்க விகிதத்தைக் கூட்டுவதன் மூலம் இக்குறையின் ஒரு பகுதியை ஈடுசெய்ய முடிந்தது. 1979இல் எண்ணெய் விலை இரண்டாம் முறை உயர்ந்தபோது மதுசாரக் கார்கள் சந்தைக்கு வந்தன. மலிவுக் கடனும் வரிச்சலுகையும் விலை உத்தரவாதமும் வழங்கப்பட்டன. 1975-76இல் 60 கோடி இலீற்றரை எட்டாதிருந்த மதுசார உற்பத்தி, பத்தாண்டுகளில் 1,100 கோடி இலீற்றரைத் தாண்டியது. எண்பதுகளின் நடுப்பகுதியில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டவை மதுசாரக் கார்களாக இருந்தன.

இவ்வெற்றியின் மறுபக்கமும் நோக்கப்படல் வேண்டும். ஒரு இலீற்றர் மதுசாரத்தை வடிக்கும்போது பத்து இலீற்றருக்கு மேற்பட்ட கழிவுநீர் எஞ்சும். தொடக்கத்தில் இது ஆறுகளிற் கலக்கப்பட்டு மீன்வளத்தை அழித்தது. பின்னரே அதனைக் கரும்பு வயல்களுக்கு உரநீராகப் பாய்ச்சும் வழக்கம் பரவியது. வயல்களிற் கரும்பு வெட்டியோர் பெரும்பாலும் நிலமற்ற கூலியாட்கள். விடியுமுன் கட்டியெடுத்த உணவை நண்பகலில் ஆறிய நிலையில் உண்டமையால் 'ஆறிய சோற்றுக்காரர்' என்னும் பொருள்படும் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். வெட்டிய கரும்பின் நிறைக்கேற்பவே கூலி வழங்கப்பட்டது. சாவோ போலோ மாநிலத்தில், ஒரு தொழிலாளி ஒரே வீச்சில் வெட்டவேண்டிய வரிசைகளை ஐந்திலிருந்து ஏழாக ஆலைகள் உயர்த்தின. வெட்டிய கரும்பை நடுவரிசைக்குச் சுமந்து சேர்க்கும் தூரம் இதனாற் கூடியது, கூலியோ கூடவில்லை. 1984 மே மாதத்தில் குவாரிபா என்னும் ஊரில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். காவற்படையினருடன் ஏற்பட்ட மோதலில் ஓர் உயிர் பலியாயிற்று. ஐந்து வரிசை முறை மீண்டும் ஏற்கப்பட்டது. இறக்குமதி எண்ணெயின் தளையிலிருந்து நாட்டை விடுவித்ததாகக் கூறப்பட்ட திட்டம், எவருடைய உழைப்பில் நின்றது என்பதை இப்போராட்டம் வெளிப்படுத்தியது.

நைரோபி மகாநாடும் அடுப்பின் பிரச்சினையும்

எண்ணெய் நெருக்கடியின் விளைவாகக் கைத்தொழில் நாடுகள் 1974இல் சர்வதேச சக்தி முகவராண்மையை நிறுவின. அதன் கீழ் 1978இல் உயிர்த்திணிவுச் சக்தி பற்றிய கூட்டாராய்ச்சிக்கான உடன்படிக்கை தோன்றியது. குளிர்வலயக் காடுகளின் மரத்தை எரிபொருளாக்குவதே அதன் தொடக்ககால அக்கறை. செல்வந்த நாடுகள் செலவைப் பகிர்ந்து, ஆய்வு முடிவுகளையும் பகிர்ந்துகொண்ட இவ்வுடன்படிக்கை இன்றுவரை நிலைத்துள்ளது.

வறிய நாடுகளின் நிலை வேறு. எண்ணெய் பற்றியே உலகம் பேசிக்கொண்டிருந்த 1975இல், எரிக் எக்கோம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் விறகுப் பற்றாக்குறையை 'மற்றைய சக்தி நெருக்கடி' எனப் பெயரிட்டு ஆய்வொன்றை வெளியிட்டார். ஆபிரிக்க, ஆசியக் கிராமங்களிற் பெண்களும் சிறுவரும் விறகு தேடி நாளின் பல மணி நேரத்தைச் செலவிட்டனர். அவர்களுடைய நெருக்கடிக்குப் பீப்பாக் கணக்கு இல்லை. சந்தை விலையும் இல்லை. ஆதலால் அது புள்ளிவிபரங்களிலே தென்படவில்லை.

இவ்விரு உலகங்களும் ஒரே மண்டபத்திற் சந்தித்த நிகழ்ச்சி 1981 ஓகஸ்டில் கென்யாவின் தலைநகரான நைரோபியில் இடம்பெற்றது. புதிய, புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் மகாநாடே அதுவாகும். விறகும் கரியும் முதன்முறையாக உலக அரங்கிற் சூரிய சக்தி, நீர்வலு ஆகியவற்றுக்கு நிகரான இடத்தைப் பெற்றன. நைரோபிச் செயற்றிட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அதனை நிறைவேற்றும் பணம் எங்கிருந்து வரும் என்னும் வினா விடையின்றி நின்றது. வளர்முக நாடுகளின் சக்தி முதலீட்டுக்கென உலக வங்கியின் கீழ்த் தனி அமைப்பொன்றை உருவாக்கும் யோசனை அக்காலத்தில் முன்வைக்கப்பட்டிருந்தது. றீகன் அரசாங்கத்தின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. மதுசாரத்தின் நிலையோ வேறாக இருந்தது. வளர்முக நாடுகளில் உயிர்த்திணிவிலிருந்து மதுசாரம் உற்பத்தி செய்தல் பற்றி உலக வங்கி 1980இலேயே அறிக்கை வெளியிட்டது. 1981இற் பிரேசிலின் திட்டத்துக்குக் கடனும் வழங்கியது.

மதுசாரத் தொழினுட்பம் ஆபிரிக்காவிலும் பரவியது. சிம்பாப்வேயின் ட்ரையாங்கிள் என்னுமிடத்தில் 1980இலும், மலாவியின் டுவாங்குவாவில் 1982இலும் வடிசாலைகள் இயங்கத் தொடங்கின. கடற்கரையற்ற இவ்விரு நாடுகளுக்கும் பெற்றோல் அயல்நாடுகளினூடாகவே வரவேண்டியிருந்தது. சிம்பாப்வேயின் வடிசாலை, அந்நாடு ரொடீசியா என்னும் பெயரிற் பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த காலத்திற் கருக்கொண்டது. 1991-92 வரட்சியிற் கரும்பு கருகியபோது அங்கு மதுசாரக் கலப்பும் நின்றது. பயிரை நம்பிய எரிபொருள் மழையையும் நம்பியதே என்பதற்கு இது சான்றாகும்.

அடுப்பின் பிரச்சினைக்கு அக்காலத்திற் கிடைத்த குறிப்பிடத்தக்க விடை பெரும் மூலதனத்திலிருந்து வரவில்லை. தாய்லாந்தில் வழங்கிய வாளி வடிவ மண்ணடுப்பின் அமைப்பைக் கென்யர்கள் கற்று, தம் நாட்டின் உலோகக் கரியடுப்புடன் இணைத்தனர். நடுவிற் குறுகிய உலோகக் கூட்டின் மேற்பகுதியில் சுட்ட களிமண் உட்சுவரைப் பொருத்தியதே புதிய அமைப்பு. களிமண் வெப்பத்தைக் காத்தமையாற் கரிச்செலவு மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. நைரோபித் தெருவோரங்களில் வெயிலில் அமர்ந்து தொழில் செய்யும் கொல்லரும் தட்டாரும் இதனைத் தாமே செய்து விற்றனர். கென்ய மண்ணடுப்பு ஜிக்கோ எனப்பட்ட இது அயல்நாடுகளுக்கும் பரவியது. ஆசிய நாடொன்றின் கைவினையறிவு ஆபிரிக்க நாடொன்றின் கைவினைஞரைச் சென்றடைந்த இந்நிகழ்ச்சி, உயிர்த்திணிவு ஒத்துழைப்பின் வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை.

தளர்ச்சியும் மீளெழுச்சியும்

1986இல் எண்ணெய் விலை பீப்பா ஒன்றுக்குப் 10 டொலர் அளவுக்கு வீழ்ந்தது. விலை உயர்ந்தபோது எழுந்த ஆர்வம் விலையுடன் சேர்ந்தே தணிந்தது. நைரோபிச் செயற்றிட்டம் மறக்கப்பட்டது. பிரேசிலில் உதவித்தொகை சுருங்கியது. சீனியின் விலை தேறியதும் ஆலைகள் மதுசாரத்தைக் கைவிட்டுச் சீனியின் பக்கம் திரும்பின. 1989இன் பிற்பகுதியில் மதுசாரக் கார்களின் உரிமையாளர் எரிபொருள் நிலையங்களில் வரிசையில் நின்றனர். எரிபொருளில் தன்னிறைவு கண்டதாகப் பெருமைகொண்ட நாடு, மதுசாரத்தையே இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியைக் கடந்தபோது மதுசாரக் கார்களின் விற்பனை அற்றுப்போகும் நிலையை அடைந்தது.

மீளெழுச்சி 2003இல் ஏற்பட்டது. பெற்றோலையும் மதுசாரத்தையும் எவ்விகிதத்திலும் ஏற்கவல்ல இயந்திரம் பூட்டிய கார்கள் அவ்வாண்டிற் பிரேசிற் சந்தைக்கு வந்தன. எப்பொருள் மலிவோ அதை வாங்கும் சுதந்திரம் நுகர்வோருக்குக் கிடைத்தது. 1989இன் வரிசைகளை மறக்காதிருந்தோரும் இதனை விரும்பி ஏற்றனர். இதே காலத்தில் எண்ணெய் விலை மீண்டும் உயர்ந்தது. 1997இன் கியோட்டோ உடன்படிக்கை 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பற்றாக்குறையுடன் காலநிலை மாற்றம் என்னும் புதிய காரணமும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல், போக்குவரத்து எரிபொருளில் 5.75 சதவீதம் 2010இல் உயிர் எரிபொருளாக இருத்தல் வேண்டும் என்னும் இலக்கை வகுத்தது.

2007ஆம் ஆண்டு இராசதந்திரத்தின் உச்ச ஆண்டாக அமைந்தது. மார்ச் 2ஆம் திகதி ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் பிரேசில், சீனா, இந்தியா, தென்னாபிரிக்கா, ஐக்கிய அமெரிக்கா, ஐரோப்பிய ஆணைக்குழு ஆகியன சர்வதேச உயிர் எரிபொருள் அரங்கைத் தொடக்கின. ஒரு வாரத்தின் பின்னர் சாவோ போலோவில் ஜனாதிபதிகள் லூலாவும் புஷ்ஷும் சந்தித்தபோது இரு நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. ஹெயிட்டி, எல் சல்வடோர், டொமினிக்கன் குடியரசு, சென் கிற்ஸ் ஆகிய நாடுகளில் மதுசார உற்பத்தியை ஊக்குவிக்கவும் இணங்கின. ஆனால் பிரேசிலின் மதுசாரத்துக்கு ஐக்கிய அமெரிக்கா விதித்திருந்த கலன் ஒன்றுக்கு 54 சத இறக்குமதித் தீர்வை நீக்கப்படவில்லை. 2011 இறுதியிலேயே அது காலாவதியாயிற்று. தொழினுட்பத்தைப் பகிர இசைந்த நாடு, சந்தையைப் பகிர இசையவில்லை.

உணவும் நிலமும்

உடன்படிக்கைகளின் மை உலருமுன் உணவு விலைகள் ஏறின. 2007 ஜனவரியில் மெக்சிக்கோ மக்கள் தமது அன்றாட உணவான சோள ரொட்டியின் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில், உணவுக்கான உரிமை பற்றிய ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் ஜீன் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மானிடத்துக்கெதிரான குற்றம் என்று கண்டித்து, ஐந்தாண்டுத் தடையைக் கோரினார். 2008 ஜூனில் உரோமாபுரியில் உணவு விவசாய தாபனம் கூட்டிய மகாநாட்டில் லூலா இதற்கு மறுப்புரைத்தார். அமெரிக்காவின் சோள மதுசாரத்தையும் பிரேசிலின் கரும்பு மதுசாரத்தையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்பது அவரின் வாதம். கரும்புச் சக்கையே ஆலைக்கு எரிபொருளாவதால், கரும்பு மதுசார உற்பத்தியில் செலவாகும் கனிம எரிபொருள் மிகக் குறைவு. இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் பயிர் எதுவாயினும் அது நிலத்திலேயே விளையவேண்டும். அந்நிலத்தில் முன்னர் விளைந்தது எங்கே செல்லும் என்னும் வினாவுக்கு அவ்வாதம் முழுமையாக விடை தரவில்லை.

மொசாம்பிக் நாட்டின் அனுபவம் இதனைத் தெளிவுபடுத்தும். 2007இல் அந்நாட்டின் தெற்கிலுள்ள மசிங்கிர் மாவட்டத்தில் கரும்பு மதுசாரத்துக்கென 30,000 ஹெக்டேயர் நிலம் வெளிநாட்டு முதலீட்டாளருக்கு ஒதுக்கப்பட்டது. தேசிய வனப்பூங்காவிலிருந்து இடம்பெயர்க்கப்படவிருந்த கிராமத்தவருக்கு வாக்களிக்கப்பட்ட நிலமும் அதனுட் சிக்கியது. வேலை முன்னேறாமையால் 2009 இறுதியில் அரசு ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. மதுசாரம் ஒரு துளியும் கிடைக்கவில்லை.

இக்கண்டனங்களின் விளைவாக ஒத்துழைப்பின் தன்மை மாறியது. உற்பத்தியைப் பெருக்குவது பற்றிய பேச்சு, உற்பத்தியை அளப்பது பற்றிய பேச்சாயிற்று. 2005இல் கிளனீகிள்ஸ் உச்சிமகாநாட்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி 2006இல் தோன்றிய உலக உயிர்ச்சக்திப் பங்காண்மை, 2011இல் 24 குறிகாட்டிகளை வெளியிட்டது. சூழலுக்கு எட்டு, சமூகத்துக்கு எட்டு, பொருளாதாரத்துக்கு எட்டு என அவை வகுக்கப்பட்டன. நிலவுரிமை, உணவு விலை, தொழில்வாய்ப்பு ஆகியவற்றுடன், விறகு சேகரிப்பதிற் பெண்களும் சிறுவரும் கூலியின்றிச் செலவிடும் நேரமும் ஒரு குறிகாட்டியாக இடம்பெற்றது. நைரோபியிற் பேசப்பட்டுக் கைவிடப்பட்ட அடுப்பின் பிரச்சினை, முப்பதாண்டுகளின் பின் பதின்மூன்றாம் இலக்கத்தின் கீழ் மீண்டும் தலைகாட்டியது எனலாம். ஆனால் இக்குறிகாட்டிகள் எந்நாட்டையும் கட்டுப்படுத்துவனவல்ல.

கட்டுப்படுத்தும் விதிகள் வாங்கும் நாடுகளிடமிருந்தே வந்தன. காடழிப்புக்கு ஏதுவாகும் எனக் கருதப்பட்ட பாம் எண்ணெயை எரிபொருட் கணக்கிலிருந்து 2030அளவில் நீக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவுசெய்தது. இந்தோனேசியா 2019இலும் மலேசியா 2021இலும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்கிட்டன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தீர்ப்புகள், இத்தகைய விதிகளை வகுக்க ஒன்றியத்துக்குள்ள உரிமையை ஏற்றன. அவை நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்திற் குறைகள் இருந்தன என்றும் கூறின. காட்டைக் காக்கும் அக்கறையும் சந்தையைக் காக்கும் அக்கறையும் ஒரே விதியிற் கலந்திருக்கையில், அவற்றை வேறுபிரித்தறிவது எளிதன்று.

2016இல் மராக்கேஷில் பிரேசில் முன்னின்று அமைத்த உயிரெதிர்கால மேடையும், 2023 செப்டெம்பரில் புதுடில்லியில் தொடக்கப்பட்ட உலக உயிர் எரிபொருள் கூட்டணியும் இவ்வரலாற்றின் அண்மைய கட்டத்தைக் குறிக்கின்றன. இப்போது பேசப்படுவது எரிபொருள் மட்டுமன்று. 2010இல் பிரேசிலின் தென்பகுதியில் கரும்பு மதுசாரத்திலிருந்து ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் பொலித்தீன் செய்யவல்ல ஆலை திறக்கப்பட்டது. டியர்போர்ணிற் கூடியோர் கண்ட கனவு முக்கால் நூற்றாண்டின் பின் வெப்பவலயத்தில் நனவாயிற்று. 2025 ஓகஸ்டில் பிரேசில் தன் பெற்றோலிற் கலக்கும் மதுசாரத்தின் அளவை 30 சதவீதமாக உயர்த்தியது. குவாரிபாவில் ஐந்து வரிசைக்காகப் போராடிய தொழிலாளரின் இடத்தை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. கரும்பைத் தீயிட்டு வெட்டும் வழக்கம் ஒழிந்ததால் காற்று தூய்மையடைந்தது. கூலி வேலையும் அதனுடன் அருகிப்போயிற்று.

முடிவுரை

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கால ஒத்துழைப்பைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, இவ்வொத்துழைப்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணெய்ச் சந்தையே பெரும்பாலும் நிர்ணயித்தது. இரண்டாவது, நாடுகள் இயந்திரத்தையும் ஆய்வையும் எளிதிற் பகிர்ந்தன. சந்தையையும் மூலதனத்தையும் அரிதாகவே பகிர்ந்தன. மூன்றாவது, நிலமும் உழைப்பும் பற்றிய வினாக்கள் உடன்படிக்கைகளுக்கு வெளியிலிருந்தே எழுந்தன. குவாரிபாவின் தொழிலாளரும் மெக்சிக்கோவின் நுகர்வோரும் எழுப்பிய வினாக்களே பின்னர் குறிகாட்டிகளாயின.

இவற்றால் மதுசாரத் திட்டத்தின் பயன் பொய்யாகிவிடாது. கடனும் எண்ணெயும் நெருக்கிய வேளையில், தன் மண்ணில் விளைந்ததைக் கொண்டு வளர்முக நாடொன்று வழிகண்டது என்பது சிறிய காரியமன்று. ஆயினும் உலகில் இன்றும் ஏறக்குறைய 200 கோடி மக்கள் விறகு, கரி, சாணம் போன்றவற்றாலும் மண்ணெண்ணெயாலும் புகை சூழச் சமைக்கின்றனர். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கரும்பைக் காரோட்டும் எரிபொருளாக்கும் வழியை உலகம் பத்தாண்டுகளிற் கண்டுவிட்டது. விறகடுப்பின் புகையை அகற்றும் வழியும் அறியப்படாததன்று. தாய்லாந்திலிருந்து கென்யாவுக்குச் சென்ற மண்ணடுப்பு அதற்குச் சான்று. குறைந்திருப்பது அறிவன்று, அவ்வறிவின் பின்னே நிற்கவேண்டிய அரசியல் விருப்பமேயாகும். உயிர்த்திணிவு பற்றிய அடுத்த உடன்படிக்கையை மதிப்பிடுவோர், அது எத்தனை கோடி இலீற்றரைத் தருகின்றது என்பதோடு, எத்தனை அடுப்புகளைச் சென்றடைகின்றது என்பதையும் கேட்டல் வேண்டும்.